அஞ்சு பெல்ட்டும் என் மீசையும்

வாடகைக் கார் ஓட்டுகிறவன் பொய் சொல்லிப் பிழைக்கவே முடியாது. பின்சீட்டில் எப்போதும் நாலு சாட்சி உட்கார்ந்திருக்கும்.

அதனால் கற்பூரம் அணைத்து, உரக்கவே சத்தியம் செய்கிறேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசை உதிர்ந்து போகட்டும். அதுவும் ஒரு பக்கம் மட்டும். சாதாரண மீசை இல்லை. வில்லியனூர் கார் ஸ்டாண்டில் நாற்பது வருஷமாக நிற்கிற மீசை. எதிரே வரும் பஸ்காரன் என் ஹெட்லைட்டைப் பார்த்து வழி விட்டதில்லை, மீசையைப் பார்த்துத்தான் விட்டிருக்கிறான்.

மடியில் குழந்தை, காலடியில் பை, பைக்குள் பால் பாட்டில், பாட்டில் மூடி சீட்டுக்கு அடியில். இப்படி ஒரு தடவையாவது காரில் போய் அவதிப்பட்டிருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எருமை

பொங்கலுக்கு முந்தின வாரம். அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம், டவுனில் துணி எடுக்கப் போக வண்டி கேட்டது. கலையரசி என்ற பெண், அவள் வீட்டுக்காரர், எட்டு மாதப் பையன் கவின். வீட்டுக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். கலையரசி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில். "முன்னாடி ஒக்காந்தா புள்ளைக்குக் காத்து வரும் தாத்தா" என்றாள். நானும் சரி என்றேன். நாற்பது வருஷமாக அப்படித்தானே ஓட்டினேன்! பையன் உடம்பில் இருந்தது பவுடர், கன்னத்தில் மை, இடுப்பில் அரைஞாண் கயிறு. அவ்வளவுதான் உடுப்பு.

ஊர் தாண்டியதும் நெல்வயலிலிருந்து ஒரு எருமை ரோட்டுக்கு ஏறியது. எருமையா அது? தேர்! வடம் கட்டி இழுக்கலாம், அத்தனை பெரிசு. பிரேக்கை மிதித்தேன். கலையரசி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், நான் பார்த்தேன். அந்த இரண்டு கைக்கும் நடுவிலிருந்து பிள்ளை ஈர சோப்பு மாதிரி நழுவிப் பறந்தது. என் இடக்கை தானாகப் போனது. அது போனது எனக்கே தெரியாது. சுண்டு விரல் அந்த அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டது. பிள்ளையின் நெற்றி டேஷ்போர்டுக்கு நாலு விரல் முன்னால் நின்றது.

கவின் சிரித்தான். எருமை நடு ரோட்டில் நின்று அசை போட்டது. பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டு கலையரசி கேட்டாள்:

"தாத்தா, கயிறு அறுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

பந்தயம்

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டவுனுக்குப் போய் ஒரு குழந்தை சீட் வாங்கி வந்தேன். பிறந்த குழந்தைக்குத் தலைக்கும் இடுப்புக்கும் அண்டை கொடுக்கத் தனி மெத்தை. வளர வளர அதை எடுத்துவிடலாம். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று, ஆக மொத்தம் அஞ்சு பெல்ட்டு. பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அரைஞாண் ஒற்றைக் கயிறு, இதில் அஞ்சு.

ஸ்டாண்டில் இறக்கி வைத்தேன். சிரித்தார்கள் பாருங்கள், டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டுச் சிரித்தார். எங்கள் ஸ்டாண்டில் தங்கராசு என்று ஒருவன். எனக்கு அடுத்த மீசை அவனுடையது. "இன்னாண்ணே, சலூன் வெக்கப் போறியா?" என்று அந்தச் சீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். நம்ம ஊர் சனம் பிள்ளையை மடியிலிருந்து இறக்காது, சீட்டு உனக்கு மாவுமூட்டை வைக்கத்தான் ஆகும் என்றான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "இனிமே என் வண்டியில ஒரு சின்னப் புள்ளைகூட மடியில போவாது. வண்டி நகர்றப்ப ஒண்ணே ஒண்ணு மடியில இருந்தா, என் மீசைய எடுத்துடறேன். வில்லியனூர்த் தேர் வரைக்கும் பந்தயம். நான் ஜெயிச்சா நீ எடு, உன் வண்டியிலயும் ஒரு சீட்டு மாட்டு" என்றேன். இத்தனை பேர் முன்னால் சொன்னது வாயா, சனியனா தெரியவில்லை. தங்கராசு தன் மீசையை ஒரு தடவை நீவிவிட்டுச் சொன்னான்:

"எல்லாரும் கேட்டுக்கங்கபா. தேரன்னிக்கு, உச்சி வேளையில, இதே எடத்துல, அண்ணன் மீசை என் கையில."

பூசணிக்காய்

பாகூர் பக்கம் ஒரு கரும்புக்காரர். மூன்று மாதக் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகணும். போனில் பேசும்போதே, "உன் சீட்டு வாணாம் தாத்தா, நாங்க நல்லா ஏற்பாடு பண்ணி வச்சிருக்கோம்" என்றார். போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்தி, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வருவதற்குள் ஏற்பாடு முடிந்திருந்தது. இந்தக் கதவுக்கு மேல் ஒரு கைப்பிடி, அந்தக் கதவுக்கு மேல் ஒரு கைப்பிடி. இரண்டுக்கும் குறுக்கே அம்மாவின் பழைய நூல் புடவையை முடிச்சுப் போட்டு ஏணை கட்டிவிட்டார்கள்! வீட்டு உத்தரத்தில் தொங்குவது போலவே என் காருக்குள் தொங்குகிறது. பள்ளம் மேட்டில் தானாக ஆடும், ஆட்டிவிடக்கூட ஆள் வேண்டாம் என்று விளக்கம் வேறு. ஒரு கணம் எனக்கே படுத்துக்கொள்ள ஆசை வந்தது, மறைப்பானேன்?

வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வாசலில் ஒரு பூசணிக்காய் இருந்தது. அதைத் தூக்கி ஏணையில் போட்டேன். கரும்புக்காரரைக் கூப்பிட்டு வாசலோரம் நிற்கச் சொல்லிவிட்டு, பத்தடி ஓட்டி ஒரு பிரேக். பூசணிக்காய் புடவையிலிருந்து எகிறி, என் காதோரம் சீறி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் போய், வாய்க்காலைத் தாண்டி, பக்கத்துக் கொல்லையில் விழுந்தது. இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரும். வாய்க்கால் அகலத்தை வேண்டுமானால் வந்து அளந்துகொள்ளுங்கள். கரும்புக்காரர் வாய்க்காலைப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார், பெண்சாதி கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வச்சிருந்த காய் அது. சரி, சீட்ட மாட்டு."

சாமிக்கு முதுகு

சின்னக் குழந்தையைச் சீட்டில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். அதுவும் பின்சீட்டில், காற்றுப்பை இருக்கிற முன்சீட்டில் கூடவே கூடாது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்து முருங்கைக்காம்பு. பிரேக் போட்டால் முன்னால் பார்த்திருக்கிற பிள்ளைக்குத் தலை தனியாகப் போகும். பின்னால் பார்த்திருந்தால் முதுகு முழுக்கச் சீட்டில் அழுந்தும், கழுத்து தப்பிக்கும். இதை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லி என் வீட்டுக் கிளியே சொல்லும். எங்கள் வீட்டில் கிளி இல்லை, இருந்தால் சொல்லும்.

ஒரு குடும்பம் கோயிலுக்குப் போயிற்று. குழந்தைக்கு ஒரு வயசு நிறையவில்லை. முன்சீட்டில் குழந்தையின் பெரிய தாத்தா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், விபூதிப் பட்டை, உருத்திராட்சம். பின்னால் திரும்பிப் பார்த்தவர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார். "சாமி பாக்கப் போறப்ப புள்ள முதுகக் காட்டினு போறதா? திருப்பி வை. இல்லாங்காட்டி எடுத்து என் மடியில குடு." மடி என்ற சொல் காதில் விழுந்ததும் என் மீசை தானாகத் துடித்தது. கழுத்து, முருங்கைக்காம்பு எல்லாம் சொன்னேன். மசியவில்லை. கடைசியில், "அய்யா, போறப்ப முதுகு, ஒத்துக்கறேன். திரும்பி வர்றப்ப நாம எல்லாரும்தான் கோபுரத்துக்கு முதுகக் காட்டினு வருவோம். கோபுரம் மறையற வரைக்கும் பாத்துனே வரப்போறது இந்தப் புள்ள ஒண்ணுதான்" என்றேன்.

தூக்கின கையை இறக்கி, வண்டியை எடு என்றார். திரும்பி வரும்போது பார்த்தால், பெரியவர் முன்சீட்டில் உடம்பை முறுக்கிக்கொண்டு கோபுரத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார். வில்லியனூர் வந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"டிரைவரே, இதே மாதிரி பெரியவங்களுக்கு ஒண்ணு விக்கிறானா?"

பாரீசு சீட்டு

சொந்தமாகவே சீட்டு வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. ஒரு வீட்டில் பிரான்சிலிருக்கிற சித்தப்பா அனுப்பியது. கூடத்தில், பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா உடுப்பில் நிற்கிற படத்துக்கு நேர் கீழே அதை வைத்திருந்தார்கள். பிறந்தநாளைக்குப் பிள்ளையை அதில் உட்கார வைத்து மாலை போட்டுப் படம் பிடிப்பதோடு சரி. வாங்கின பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைக் காரில் மாட்டினேன். பிள்ளையை உட்கார வைத்தால் நுங்கு மாதிரி வழுக்கிக் கீழே இறங்குகிறது. உறைக்கு மேல் பெல்ட்டு நிற்கவில்லை. "உறையப் பிரிச்சிடலாமா?" என்றேன். வீட்டுக்காரர் பதறிவிட்டார். பிரித்தால் பழசாகிவிடுமாம். அதற்குப் பதில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறாராம். மறுபடியும் மடி!

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சம்சாரம் கத்தரிக்கோலோடு வந்து, உறையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகக் கிழித்துப் போட்டது. பெல்ட்டை இறுக்கி, தோளுக்கு மேலே நண்டு மாதிரி இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினேன். விரலில் மடிப்பு சிக்கினால் தொளதொளப்பு, சிக்காவிட்டால் சரி. சிக்கவில்லை. அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னது:

"பதினோரு வருசமா எங்க வூட்டு சோபாவும் உறையோடதான் இருக்குது தாத்தா. வந்ததே வந்த, உள்ள வந்து அதையும் கிள்ளிப் பாத்துட்டுப் போ."

ஈரத்துண்டு

சித்திரை வெயிலில் நிறுத்தின காருக்குள் அந்தப் பெல்ட்டு பக்கிள் தோசைக்கல். பிள்ளை தொடையில் பட்டால் தீர்ந்தது. அதனால் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் சீட்டுக்கு மேல் ஈரத்துண்டு போட்டு, உட்கார வைக்குமுன் பக்கிளை என் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். தங்கராசு வேலை இல்லாதபோது வந்து கதவோரம் நின்று கேலி பேசுவான். "எதுக்குண்ணே சீட்டு மேல முட்டியப் போட்டு அமுக்குற, அது இன்னா பாவம் பண்ணுச்சு?" அமுக்கிக்கொண்டே காரின் பெல்ட்டை இழுத்தால்தான் சீட்டு இறுகும், அசைத்துப் பார்த்தால் ஒரு விரற்கடைக்கு மேல் ஆடக்கூடாது என்பேன். சிரிப்பான். மறுநாளும் வந்து அதையே கேட்பான். அன்றைக்கு நான் துண்டைப் பிழிந்து போட்டு விசிறிக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"கட்டிக்கினு வந்த அண்ணிக்கு ஒருநாள் இப்படி விசிறியிருப்பியாண்ணே?"

தாய்மாமன் மடி

தேருக்குப் பத்து நாள் இருந்தது. மீசை பத்திரம். அப்போதுதான் அபிஷேகப்பாக்கத்திலிருந்து கலையரசி போன் செய்தாள். கவினுக்குக் காது குத்தல். குலதெய்வம் சுத்துக்கேணிப் பக்கம், கரும்புத் தோட்டத்துக்கு நடுவில். "நீதான் வரணும் தாத்தா, அவனப் புடிச்ச விரலு உன்னுது."

போனால் வாசலில் பட்டு வேட்டியோடு அவள் அண்ணன் முருகேசன். திருபுவனையில் கம்பெனி வேலை, ஆள் கதவகலம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது உலகத்துக்கே தெரிந்தது. முருகேசன் ஒரு படி மேலே போனான். வீட்டு வாசலிலிருந்தே பிள்ளை தன் மடியில்தான் வரவேண்டும் என்றான். சீர்த்தட்டு பதினொன்று வாங்கி வந்தவன், மோதிரம் போட்டவன், அவன் பேச்சை யார் தட்டுவது? தாய்மாமன் கோபித்துக்கொண்டு திருபுவனை பஸ் ஏறிவிட்டால் காதுகுத்தல் நின்றுபோகும். நான் ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டேன். அதற்கு நான் செய்த கடைசி மரியாதை என்றுதான் நினைத்தேன்.

கலையரசி நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, அன்னிக்கு அவன் என் மடியிலதான் இருந்தான். பெத்தவ, ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன். என் மடியே நிக்கல. உன் மடி நிக்குமா?" முருகேசன் அந்த எருமைக் கதையைப் போனில் மட்டுமே கேட்டிருந்தான் போல. அவள் கையைப் பார்த்தான். தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துச் சீட்டில் விரித்தான். துண்டு வேண்டாம், வழுக்கும் என்றேன். முறைத்துக்கொண்டே எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

பிள்ளை பின்பக்கம் பார்த்து, அஞ்சு பெல்ட்டோடு. பக்கத்தில் மாமன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வாய்க்கால் ஈரத்தில் முன்சக்கரம் மாட்டியது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். காது குத்தும்போது பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதான். மாமன் அதைவிட அழுதான். எல்லாம் முடிந்து இறங்கும்போது முருகேசன் என் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"வழியெல்லாம் என் மூஞ்சியையே பாத்துனு வந்தான் தாத்தா. மடியில வச்சிருந்தா என் சட்டப் பட்டனத்தான பாத்திருப்பான்?"

பேத்தி

தேருக்கு முதல் நாள் தங்கராசு போன் செய்தான். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு நாளாகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகணும், உன் வண்டியைக் கொண்டா என்றான். அவனிடம் வண்டி இல்லையா? இருக்கிறது, வாசலில் கழுவித் துடைத்து நிற்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. நாலு நாள் குழந்தையை எந்தப் பாட்டி மடியிலிருந்து இறக்குவாள்? வண்டி ஓரடி நகர்ந்தால் போதும், மீசை அவன் கையில். பழைய திருடன்!

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். தங்கராசு சம்சாரம் சரோஜா குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கராசு, "அண்ணே, மருந்து சீட்டு இது, கடையில கூட்டமா இருக்குது, நீ கொஞ்சம் வாங்கினு வாயேன்" என்றான். சாவி வண்டியில். வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அவனே ஓரடி நகர்த்திவிடலாமே! மருந்தைக்கூட முழுசாக வாங்காமல் ஓடினேன். எனக்கு மூட்டுவலி, அன்றைக்கு இல்லை.

வந்து பார்த்தால் சரோஜா வெளியே நின்று திட்டிக்கொண்டிருக்கிறது: "பச்ச மண்ணு அது, என் மடியில குடுய்யான்னா கேக்குறியா?" பின்சீட்டில் தங்கராசு. வியர்த்துக் கொட்ட, ஒரு முட்டியைக் குழந்தை சீட்டின் மேல் போட்டு அமுக்கி, பெல்ட்டை இழுக்கிறான். ஆட்டிப் பார்க்கிறான். மறுபடி இழுக்கிறான். பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேத்தியை வாங்கி அந்த மெத்தையில் கிடத்தினான். சுற்றியிருந்த துணியைப் பிரித்து, பெல்ட்டை மாட்டிய பிறகு அதே துணியை மேலே போர்த்தினான். இது நான் அவனிடம் ஒரே ஒரு தடவை சொன்னது! கடைசியாகத் தோளுக்கு மேலே இரண்டு விரல். நண்டு. கிள்ளினான், சிக்கவில்லை. அரைஞாண் கட்டக்கூட நாளாகாத இடுப்பில் அஞ்சு பெல்ட்டு. சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். மெதுவாக அவன் காதில் சொன்னேன், நாளைக்குத் தேர் தங்கராசு, ஞாபகம் இருக்குதா என்று. அவன் பேத்தியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மீசை மூணு மாசத்துல மொளைக்கும்ணே. நீ பாத்து மெதுவா ஓட்டு."

மறுநாள் உச்சி வேளையில், தேர் நிலைக்கு வந்த கையோடு, ஸ்டாண்டில் தங்கராசு தன் மீசையை எடுத்துவிட்டான். டீக்கடைக்காரர் அன்றைக்கும் பாலைப் பொங்க விட்டார். அவன் வண்டியில் இப்போது சீட்டு இருக்கிறது, அதற்கு மேல் ஈரத்துண்டும் இருக்கிறது.

நான் இதுவரை பொய் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். சுத்துக்கேணியில் சக்கரம் மாட்டியதே, அப்போது இன்ஜினை அணைத்திருந்தேன். கோயில் வந்தாயிற்று என்று முருகேசன் பிள்ளையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நிற்கிற வண்டிதானே என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்காரர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பின்னாலிருந்து ஓஹோ என்று தள்ளினார்கள். "நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா" என்று கத்தியது அவர்களுக்கு உற்சாகப்படுத்துவதாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளை மாமன் மடியில் இருக்க, எனக்குப் பிரேக் ஞாபகம் வருவதற்குள் வண்டி இருபதடி நகர்ந்தது. முருகேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

குழந்தையைக் காப்பாற்ற அஞ்சு பெல்ட்டு இருக்கிறது, மீசையைக் காப்பாற்ற உங்கள் மூடின வாயைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை என்பதால், இதை மட்டும் தங்கராசு காதில் போட்டுவிடாதீர்கள்.